மூலிகைச் செடிக்குள் குடியிருக்கும் பாக்டீரியா

சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு சூடோமோனாஸ் என்பது புதிய பெயர் இல்லை. உரக்கடையில் வெள்ளைப் பொடியாகப் பாக்கெட்டில் கிடைக்கும். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்ற கணக்கில் கலந்து விதைப்பார்கள். தக்காளி நாற்று வாட ஆரம்பித்தால் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுவார்கள். பலரும் அதை ஏதோ ஒரு பூச்சிமருந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்த வெள்ளைப் பொடி வெறும் டால்க். வேலை செய்வது அதற்குள் உயிரோடு இருக்கும் ஒரு பாக்டீரியா. முழுப்பெயர் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பிரபலப்படுத்திய பிஎஃப் 1 என்ற ரகம்தான் தமிழ்நாட்டு விவசாயிகளிடம் அதிகம் போய்ச் சேர்ந்தது.

இந்த பாக்டீரியா வேரின் மேல் ஒட்டிக்கொண்டு சில ரசாயனங்களைச் சுரக்கிறது. அவை வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளை அடக்கும். இன்னொரு வேலையும் செய்கிறது. மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வெளியே விட்டு, பக்கத்தில் இருக்கும் பூஞ்சைக்கு இரும்பே கிடைக்காமல் செய்துவிடுகிறது. புற ஊதா விளக்கின் கீழே அந்தப் பொருள் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். ஃப்ளோரசன்ஸ் என்ற பெயர் அதனால் வந்தது.

செடியை அண்டி வாழ்ந்து, மற்ற கிருமிகளை அடக்கும் பொருட்களைச் சுரக்கிற பாக்டீரியா என்றால் இதுதான். இதே ஆட்களைத் துளசியிலும் வேம்பிலும் நிலவேம்பிலும் தேடினால் என்ன கிடைக்கும், மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் கிடைக்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சி இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. சென்னைக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பிடித்தமான புராஜெக்ட். உங்கள் வீட்டுப் பெண் ஒருநாள் கோயம்பேட்டிலிருந்து கீழாநெல்லிக் கட்டோடு வந்தாள் என்றால் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம்.

எங்கே இருக்கின்றன?

ஒரு செடியில் பாக்டீரியாவுக்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது வேரைச் சுற்றியிருக்கும் சில மில்லிமீட்டர் மண். செடி தான் வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் விடுகிறது. கூடவே அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களும் கசிகின்றன. அதனால் அந்த மண்ணில் பாக்டீரியாக் கூட்டம் எப்போதும் அதிகம். 1904லேயே ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர் இந்த மண்டலத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். இரண்டாவது இடம் இலையின் மேற்பரப்பு. மே மாத வெயிலில், ஈரம் இல்லாமல், புற ஊதாக் கதிரில் அங்கே தாக்குப்பிடிப்பது கடினம். தாங்குகிறவை மட்டும் இருக்கும்.

மூன்றாவது இடம்தான் சுவாரசியமானது. செடியின் உடலுக்குள்ளேயே, செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளில் பாக்டீரியா வாழ்கிறது. இவற்றை உள்வாழ் நுண்ணுயிர்கள் என்கிறோம். ஆய்வகத்தில் எண்டோஃபைட் என்பார்கள். பக்கவேர் கிளைத்து வெளியே வரும் இடத்தில் ஏற்படும் வெடிப்பு வழியாக, இலைத்துளை வழியாக, காயம் வழியாக இவை உள்ளே போகின்றன. சில நேரம் விதையிலேயே இருந்து அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகின்றன. பொதுவாக இலையைவிட வேருக்குள் எண்ணிக்கை அதிகம். ஒரு கிராம் வேரில் லட்சக்கணக்கில் இருப்பது சாதாரணம். செடிக்கு அதனால் நோய் எதுவும் தெரியாது. நோய் இல்லாத செடியின் உள்ளே கிருமியே இருக்காது என்ற பழைய எண்ணம் இப்போது யாருக்கும் இல்லை.

இந்த ஏற்பாட்டை வாடகைக் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். செடி வீட்டுக்காரர். உள்ளே வந்த பாக்டீரியாவுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கிறது. பதிலுக்கு அது சும்மா இருப்பதில்லை. சில வகைகள் மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்துக் கொடுக்கும். சில வகைகள் வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனைச் செய்து தரும். சிலது வாசலில் காவல் நிற்கும், அதாவது வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமியைத் தடுக்கும். ஆனால் குடித்தன உறவில் எப்போதும் சுமுகம் இருக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா? செடி நலிந்துபோனால் அமைதியாக இருந்த பாக்டீரியாவே நோய் உண்டாக்குவதும் உண்டு.

எதற்காக விஷம் சுரக்கிறது?

போட்டிதான் முதல் காரணம். இடமும் சாப்பாடும் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். பக்கத்தில் இருப்பவனை வளரவிடாமல் செய்யும் ஒரு மூலக்கூறு கையில் இருந்தால் பிழைக்கலாம். மிகக் குறைந்த அளவில் சுரக்கும்போது இதே மூலக்கூறுகள் பாக்டீரியாக்களுக்கு இடையே சமிக்ஞையாகவும் பயன்படுகின்றன என்ற கருத்தும் வலுவாக இருக்கிறது. மனிதனுக்கு மருந்து தர வேண்டும் என்று எந்த பாக்டீரியாவும் நினைக்கவில்லை. தனக்காகச் செய்கிறது, நாம் எடுத்துக்கொள்கிறோம்.

செடிகளில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று குடும்பத்தினர். சூடோமோனாஸைப் பார்த்துவிட்டோம். மருத்துவமனைகளில் பயமுறுத்தும் சூடோமோனாஸ் ஏருஜினோசா இதன் உறவினன்தான். ஆனால் குணம் வேறு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாடித்தோட்டப் பொடியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அடுத்தது பேசில்லஸ். இது சுர்ஃபாக்டின், இட்டுரின், ஃபெஞ்சிசின் என்ற சோப்புத் தன்மையுள்ள பொருட்களைச் செய்கிறது. அவை எதிரியின் செல்சுவரை ஒட்டிய சவ்வைக் கலைத்துவிடும். நிலைமை மோசமானால் பேசில்லஸ் ஸ்போர் என்ற கெட்டியான வித்தாக மாறிப் படுத்துக்கொள்ளும். இந்த விஷயத்தை நினைவில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மூன்றாவது ஸ்ட்ரெப்டோமைசஸ். ஆக்டினோமைசீட்ஸ் என்ற பெருங்குடும்பத்தில் முக்கியமானது. பார்ப்பதற்குப் பூஞ்சை போல இழை இழையாக வளரும், ஆனால் பாக்டீரியாதான். இதை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் முகர்ந்திருப்பீர்கள். கோடை முடிந்து முதல் மழை விழும்போது வரும் மண்வாசனையில் பெரும்பங்கு இது செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. இன்று புழக்கத்தில் இருக்கும் ஆன்டிபயாடிக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஆக்டினோமைசீட்ஸ் கொடுத்தவை அல்லது அவற்றைத் திருத்திச் செய்தவை. 1943ல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் அதில் ஒன்று. காசநோய்க்குக் கிடைத்த முதல் வலுவான மருந்து அதுதான்.

தாம்பரம் சானடோரியம் என்ற பெயரே காசநோயால் வந்தது. டாக்டர் சவுரி முத்து 1928ல் அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கிய காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு தவிரக் கொடுப்பதற்கு மருந்து இல்லை. அந்த வட்டாரத்திலேயே இன்று தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மூலிகையும் பாக்டீரியா தந்த மருந்தும் ஒரே ரயில் நிலையத்தின் பெயரில் சேர்ந்துகொண்டது தற்செயல்தான் என்றாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

மூலிகையைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

பாக்டீரியா எல்லாச் செடியிலும் இருக்கிறது. கோரைப்புல்லிலும் இருக்கிறது. பிறகு ஏன் துளசி, ஆடாதோடை, தூதுவளை என்று போகிறார்கள்?

ஒரு காரணம், மூலிகை தனக்குள்ளேயே காரமான ரசாயனங்களை வைத்திருக்கிறது. துளசியில் யூஜினால், நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைட், கற்பூரவள்ளியில் கார்வக்ரால். இவற்றைச் சகித்துக்கொள்ளும் பாக்டீரியாவால்தான் அங்கே குடியிருக்க முடியும். ஆகவே மூலிகைக்குள் இருக்கும் கூட்டம் ஏற்கெனவே வடிகட்டப்பட்ட கூட்டம், அதில் புதுமையான ஆட்கள் இருக்க வாய்ப்புண்டு என்பது வாதம்.

இரண்டாவது காரணம் இன்னும் துணிச்சலானது. மூலிகையின் குணம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி அதற்குள் இருக்கும் பாக்டீரியாவுடையதாக இருந்தால்?

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் பாம்புக்கொடி என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் ஒரு கொடி இருக்கிறது. கென்னடியா நைக்ரிஸ்கன்ஸ் என்பது தாவரவியல் பெயர். அங்குள்ள பழங்குடி மக்கள் காயம் சீழ்ப்பிடிக்காமல் இருக்க அதைப் பயன்படுத்தி வந்தார்கள். கேரி ஸ்ட்ரோபல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு அந்தக் கொடிக்குள்ளிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸைப் பிரித்தெடுத்தது. அது சுரந்த பொருட்களுக்கு முனும்பிசின் என்று பெயர் வைத்து 2002ல் வெளியிட்டார்கள். ஆந்த்ராக்ஸ் கிருமி, பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க் கிருமி, இவற்றையெல்லாம் ஆய்வகத்தில் அது தடுத்தது. காயத்துக்குக் கட்டிய கொடிக்குள் கிருமியைக் கொல்லும் பாக்டீரியா இருந்தது என்றால் கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காயத்தை ஆற்றியது அந்த பாக்டீரியாவின் பொருள்தான் என்று இதிலிருந்து நிரூபணம் ஆகவில்லை. இரண்டும் ஒரே கொடியில் இருந்தன, அவ்வளவுதான். 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் முனும்பிசின் மருந்துக் கடைக்கு வரவில்லை.

இதைவிட உறுதியான ஒரு கதை மேட்டான்சினுடையது. 1972ல் ஓர் ஆப்பிரிக்கச் செடியிலிருந்து அதைப் பிரித்தார்கள், புற்றுசெல்களைக் கொல்லும் கடுமையான பொருள். அதன் வேதியமைப்பைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இந்த மாதிரி மூலக்கூறு செடிகள் செய்கிற ரகமே இல்லை, பாக்டீரியா செய்கிற ரகம். 1977ல் கிட்டத்தட்ட அதே பொருளை ஒரு ஆக்டினோமைசீட் பாக்டீரியா செய்வதைக் கண்டார்கள். 2014ல் இதே பொருள் உள்ள இன்னொரு ஆப்பிரிக்கச் செடியின் வேருக்குள் வாழும் பாக்டீரியாக் கூட்டமே அதைத் தயாரிக்கிறது என்று காட்டினார்கள். செடியின் சரக்கு என்று எண்ணியது உள்ளே குடியிருந்தவரின் சரக்காக முடிந்தது. இந்த மூலக்கூறின் மாற்று வடிவம் இன்று மார்பகப் புற்றுநோய் மருந்தொன்றில் பயன்படுகிறது.

சரி, அப்படியானால் எல்லா மூலிகைக் குணமும் பாக்டீரியாவுடையதா? அதுவும் இல்லை. நம் தெருவோரத்தில், கோயில் மதில் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் அதிலிருந்து வருகின்றன. அவற்றைச் செய்யும் படிப்படியான வேதிப்பாதை செடியின் சொந்த மரபணுக்களில்தான் இருக்கிறது. அதன் கடைசி விடுபட்ட படிகளும் 2018ல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஆகவே செடிக்குச் செடி கேட்க வேண்டிய கேள்வி இது. மொத்தமாக ஒரே பதில் சொல்லும் பேச்சை நம்பாதீர்கள்.

நம் வேம்பையும் விட்டுவைக்கவில்லை. 2009ல் வாரணாசி ஆராய்ச்சியாளர்கள் வேப்பமரத்தின் வேர், தண்டு, இலை மூன்றிலிருந்தும் ஆக்டினோமைசீட்ஸைப் பிரித்து, அவற்றில் பல நோய்க்கிருமிகளை அடக்குவதைக் காட்டினார்கள். அதிகம் கிடைத்தது வேரில்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

இந்தப் பகுதியில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். செய்தித்தாளில் 'மூலிகையிலிருந்து புதிய கிருமிக்கொல்லி' என்று வரும் தலைப்பை எடைபோட இது தெரிந்தால் போதும்.

முதலில் நோயில்லாத செடியைப் பறித்து, வாடுவதற்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவுகிறார்கள். பிறகு உள்ளே இருப்பவர்களைப் பிடிப்பதற்கு வெளியே இருப்பவர்களை ஒழிக்க வேண்டும். 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடங்கள், மறுபடி எத்தனால், பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் பலமுறை அலசல். ஹைப்போகுளோரைட் என்பது வீட்டில் தரை துடைக்க, துணி வெளுக்கப் பயன்படுத்தும் அதே சமாசாரம்தான். துளசி போன்ற மெல்லிய இலையை அதில் அதிக நேரம் விட்டால் திரவம் உள்ளே ஊறி, தேடி வந்தவர்களையே கொன்றுவிடும். குறைவாக விட்டால் வெளியே ஒட்டியிருந்த தூசு பாக்டீரியா உள்வாழ் பாக்டீரியா என்ற பெயரில் வளர்ந்து நிற்கும். வேருக்கு ஒரு நேரம், இலைக்கு ஒரு நேரம் என்று ஒவ்வொரு செடிக்கும் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக அலசிய தண்ணீரைக் கொட்டக்கூடாது. அதில் ஒரு துளியைத் தனித் தட்டில் விட்டு வைப்பார்கள். அந்தத் தட்டில் எதுவும் வளரவில்லை என்றால்தான் மேற்பரப்பு சுத்தம் என்று அர்த்தம். ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சந்தேகம்தான். அது இருந்தாலும்கூட பேசில்லஸ் விஷயத்தில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். முன்னால் சொன்ன ஸ்போர் எத்தனாலுக்குச் சாகாது. இலை மேல் ஒட்டியிருந்த ஸ்போர் பிழைத்து வந்து, நான் உள்ளே இருந்தவன் என்று சொல்லும்.

அப்புறம் இலையை வெட்டியோ அரைத்தோ அகார் தட்டில், அதாவது பாக்டீரியா வளர்வதற்கான கூழ் உறையவைத்த தட்டில் வைக்கிறார்கள். பூஞ்சை முந்திக்கொள்ளாமல் இருக்க அகாரில் பூஞ்சைக்கொல்லி சேர்ப்பார்கள். சுமார் 28 டிகிரியில் இன்குபேட்டரில் வைத்தால் பேசில்லஸ், சூடோமோனாஸ் எல்லாம் ஓரிரு நாளில் வந்துவிடும். ஆக்டினோமைசீட்ஸுக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். பொறுமை இல்லாதவர்கள் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆக்டினோமைசீட்ஸ் இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஐப்பசி மழைக்காலத்தில் சென்னை ஈரத்தில் தட்டின் ஓரத்தில் பூஞ்சை ஏறி மொத்த வேலையும் பாழாவதும் நடக்கும்.

கிடைத்த ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனியே பிரித்து, சோதனைக்கு வைக்கிறார்கள். எளிய வழி குறுக்குக்கோடு முறை. தட்டின் நடுவில் நம் பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்து வளரவிடுவார்கள். பிறகு அதற்குச் செங்குத்தாக நோய்க்கிருமிகளை இழுப்பார்கள். நம் ஆள் எதையாவது சுரந்திருந்தால் கிருமியின் கோடு அவன் பக்கத்தில் வராமல் பாதியில் நின்றுவிடும். இன்னொரு முறையில் நோய்க்கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, அகாரில் சிறு குழி வெட்டி, அதில் நம் பாக்டீரியா வளர்ந்த திரவத்தை ஊற்றுவார்கள். மறுநாள் குழியைச் சுற்றித் தெளிவான வட்டம் தெரிந்தால் ஆய்வகத்தில் சந்தோஷம். 'ஜோன் வந்திருக்கு' என்பார்கள். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள். சோதனைக்கு வைக்கும் கிருமிகள் வழக்கமாக ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ கோலை, கிளெப்சியெல்லா, கேண்டிடா. ஆள் யார் என்பது 16எஸ் என்ற மரபணுவின் சுமார் 1500 எழுத்துகளைப் படித்துத் தெரிந்துகொள்ளப்படும்.

அந்த வட்டம் எதைச் சொல்கிறது?

குழியில் இருந்த ஏதோ ஒன்று அந்தக் கிருமியை வளரவிடவில்லை. இவ்வளவுதான் சொல்கிறது.

அந்த 'ஏதோ ஒன்று' வெறும் அமிலமாக இருக்கலாம். பிரித்தெடுக்கப் பயன்படுத்திய கரைப்பானாக இருக்கலாம். அதனால்தான் கரைப்பானை மட்டும் ஊற்றிய குழியும் பக்கத்தில் இருக்க வேண்டும். தரை துடைக்கும் திரவத்தை ஊற்றினாலும் அருமையான வட்டம் வரும், அதை யாரும் குடிக்க முடியாது. வட்டம் பெரிதாக இருந்தால் வீரியம் அதிகம் என்றும் சொல்ல முடியாது. சிறிய மூலக்கூறு அகாரில் வேகமாகப் பரவும், பெரியது மெதுவாகப் பரவும். வீரியத்தை அறிய, கிருமியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று தனியாகக் கணக்கிட வேண்டும்.

எந்தக் கிருமி மேல் வட்டம் வந்தது என்பதும் முக்கியம். ஸ்டஃபைலோகாக்கஸ் மேல் வருவது ஒப்பீட்டளவில் சுலபம். கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் போன்றவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது, பெரும்பாலான பொருட்களை அது உள்ளே விடாது. இன்றைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் டாக்டர்களைத் திணறவைப்பது இந்த இரண்டாவது ரகம்தான். நிறைய புராஜெக்ட்கள் முதல் ரகத்தில் வட்டம் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. மாணவர்களைக் குறை சொல்லவில்லை, ஆறு மாதத்தில் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? ஆனால் அதையே ஒரு கண்டுபிடிப்பாக எழுதுகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்த தலைவலி, பழையதையே மறுபடி கண்டுபிடிப்பது. ஸ்ட்ரெப்டோத்ரைசின், ஆக்டினோமைசின் போன்றவற்றைப் பல ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைகள் செய்கின்றன. மாதக்கணக்கில் உழைத்துச் சுத்தம் செய்து பார்த்தால் 1940களிலேயே தெரிந்த பொருள் கையில் இருக்கும். அதனால் இப்போது ஆரம்பத்திலேயே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடையை அளந்து, தெரிந்த பொருட்களின் பட்டியலோடு ஒப்பிட்டுக் கழித்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. 2002ல் ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலர் என்ற பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, இப்படிப்பட்ட சிறப்புப் பொருட்களைச் செய்யும் மரபணுக் கூட்டங்கள் 20க்கும் மேல் இருந்தன. அதுவரை தெரிந்திருந்த பொருட்கள் சிலதான். மற்றவை தட்டில் தூங்குகின்றன. செடிக்குள் இருந்தபோது யாரோ தட்டி எழுப்பியிருப்பார்கள், ஒருவேளை செடியின் ரசாயனம், ஒருவேளை பக்கத்து பூஞ்சை. அதனால் எதிரியையும் சேர்த்து வளர்ப்பது, வளர்ப்புத் திரவத்தில் அந்த மூலிகையின் சாற்றையே கலப்பது என்றெல்லாம் முயல்கிறார்கள். நன்றாகச் சுரந்துகொண்டிருந்த பாக்டீரியா பலமுறை தட்டு மாற்றி வளர்த்தபின் சுரப்பை நிறுத்திவிடுவதும் இந்தத் துறையில் பழகிப்போன ஏமாற்றம்.

எச்சரிக்கைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்து பசிஃபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. 1993ல் அந்த மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சையும் டாக்ஸால் செய்கிறது என்று செய்தி வந்தபோது பெரும் பரபரப்பு. மரத்தை வெட்டாமலே தொட்டியில் மருந்து தயாரிக்கலாம் என்று கனவு கண்டார்கள். கிடைத்த அளவோ ஒரு லிட்டருக்கு சில பத்து நானோகிராம். 2013ல் அந்தப் பூஞ்சையின் மரபணுக்களை அலசிய இன்னொரு குழு, டாக்ஸால் செய்யும் மரபணுக்களே அதில் தென்படவில்லை என்றது. மருந்து நிறுவனங்கள் கடைசியில் மரத்தின் செல்களையே தொட்டியில் வளர்க்கும் வழியைப் பிடித்துக்கொண்டன.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்?

பழைய ஆன்டிபயாடிக்குகள் வேலை செய்யாமல் போகின்றன. 2019ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. கார்பபெனம் என்ற கடைசிக்கட்ட மருந்துகளையே சிதைக்கும் என்டிஎம் 1 நொதியைப் பற்றி 2010ல் வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவ அமைப்புகள் இங்கே கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான 'சென்னைப் பிரகடனம்' என்ற வழித்திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச்சில் ஹெச் 1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, யாருக்குக் கொடுத்தோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இதைக் கேட்டதும் சிலர், 'அப்போ துளசியை மென்று தின்றால் ஆன்டிபயாடிக் தேவையில்லை' என்று கிளம்பிவிடுவார்கள். அப்படி இல்லை. இலைக்குள் பாக்டீரியா சுரக்கும் அளவு தான் குடியிருக்கும் சின்னச் சந்து ஒன்றை மட்டும் காக்கப் போதுமானது. நம் ரத்தத்தில் கலந்து கிருமியை ஒடுக்கும் அளவு அதில் கிடைக்காது. நிலவேம்புக் குடிநீரைக் கொதிக்க வைக்கும்போது பாக்டீரியா செத்துவிடும், அதில் இறங்குவது பெரும்பாலும் செடியின் சரக்கு. துளசித் தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனைதான் செய்ய வேண்டும்.

உடனடிப் பயன் செடிக்குத்தான். மாடித்தோட்டத்தில் சூடோமோனாஸ் போடும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், உள்ளே இருப்பது உயிர். வெயிலில் வைக்காதீர்கள், ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள், சாயங்காலம் ஊற்றுங்கள்.

கடைசியாக, பலரும் பேசாமல் விடும் ஒன்று. மலையடிவாரத்து மூலிகையிலிருந்து பிரித்த பாக்டீரியா யாருடையது? 2002ன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் உயிரியல் வளம் என்ற சொல்லுக்குள் நுண்ணுயிர்களையும் சேர்த்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் நம் செடியையோ அதற்குள் இருக்கும் பாக்டீரியாவையோ ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டுமானால் தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும், லாபம் வந்தால் பங்கும் தர வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் தரமணியில் இருக்கிறது. செடி, அதன் பயன் இன்னது என்று சொன்ன வைத்தியர், உள்ளேயிருந்த பாக்டீரியா, அதைப் பிரித்த மாணவி என்று நான்கு பேர் சேர்ந்த கண்டுபிடிப்பில் பங்கை எப்படிப் பிரிப்பது என்பது அங்கே இருப்பவர்களுக்கும் எளிதான கணக்கு இல்லை.